கோர்ட்டு வழி டைப்பிங் கடையில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் படித்தவர்கள். நான் தட்டச்சில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர். விருத்தாசலத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிராது, வக்காலத்து, அபிடவிட், கிரயப் பத்திர நகல், பட்டா மனு, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வருவதையெல்லாம் அடித்துக் கொடுப்போம். கடையில் மூன்று கம்ப்யூட்டர். இரண்டில் லினக்ஸ் மின்ட் 22 ஓடுகிறது. மூன்றாவதில் விண்டோஸ். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால் லினக்ஸைப் புகழ்கிறவர்கள் அந்த மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

மாறியதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. 11 போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். என்னிடம் இருப்பவை நாலாம் தலைமுறை ஐ3. நல்ல போர்டு, நல்ல கீபோர்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டது. சர்வீஸ் செய்கிற தம்பி, "11ஐயே எப்படியாவது ஏத்தித் தரேன்கா, ஆக்டிவேஷனும் பண்ணிடலாம்" என்றார். அந்த "எப்படியாவது" எனக்குப் பிடிக்கவில்லை. கட்சிக்காரர்களின் ஆதார் நகலும் சொத்துப் பத்திரமும் கிடக்கிற கம்ப்யூட்டரில் திருட்டுச் சாவி போட்டுத் திறக்கிற சாஃப்ட்வேர் எதற்கு?

லினக்ஸில் நூறு வகை இருக்கிறது. மின்ட்டை எடுத்தது அண்ணன் மகன் சொன்னதால். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து 2006இல் கிளெமென்ட் லெஃபெப்வர் என்பவர் தொடங்கியது. அதிலேயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகம். கடைக்குச் சின்னமன்தான் சரி. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் விண்டோஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். கடையில் வேலை பார்க்கும் பெண், "ஸ்டார்ட் எங்கக்கா?" என்றுகூடக் கேட்கவில்லை. வந்தாள், மெனுவைத் திறந்தாள், அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதே இந்த விமர்சனத்தில் மின்ட்டுக்கு நான் கொடுக்கும் பெரிய மார்க்.

நிறுவுவது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றும் எடுக்கிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் நிறுவலாம். அந்த "ஓட்டிப் பார்ப்பதை" மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

இனி தமிழ் டைப்பிங். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மின்ட்டை நிறுவியதும் தமிழ் படிக்க வரும், அடிக்க வராது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடிப் போட்டுக்கொண்டு, இன்புட் மெத்தட் பகுதியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். பிறகு தமிழ் என்ற தலைப்பின் கீழ் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்ற விசைப்பலகை முறையெல்லாம் வரிசையாக நிற்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாறும். சுளுவான வேலைதான். ஆனால் இதை ஒரு திரையில் ஒரு பட்டனாக வைத்திருக்கலாம். டைப்பிங் சென்டர் நடத்துகிறவர் எம்17என் என்ற பெயரைக் கனவிலா கண்டு தேடுவார்?

டைப்ரைட்டர் என்று போட்டிருக்கிறதே என்று என்னைப் போன்ற பழைய ஆட்கள் சந்தோஷமாக அதைத் தேர்ந்தெடுப்பார்கள். பரீட்சைக்கு அடித்த ரெமிங்டன் மெஷின் பழக்கத்தில் போனால் அங்கங்கே விரல் இடறும். எனக்கு இடறியது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்குத் தமிழ்99 பழகிவிடுவதுதான் உத்தமம் என்பது என் முடிவு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' வந்துவிடும். 'பக்கம்', 'பத்திரம்', 'ஒப்பந்தம்' என்று எங்கள் தொழிலில் இரட்டிக்கும் எழுத்துக்குக் குறைவே இல்லை என்பதால் ஒரு பக்கத்துக்கு எத்தனை தட்டு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட்டைத் தொடுவதும் அபூர்வம். சுண்டு விரலுக்கு ஓய்வு.

ஆனால் எங்கள் தொழில் யூனிகோடில் ஓடுவதில்லை. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டாயிற்று. வக்கீல் ஆபீஸ்களில் இன்றைக்கும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்தான் குவிந்து கிடக்கிறது. என்னிடமே அப்படி ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. இந்த எழுத்துருக்களில் இருப்பது உண்மையில் தமிழே அல்ல. இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன் என்று நிற்கும். மின்ட்டில் முதல்முறை திறந்துவிட்டு, "லினக்ஸ்ல தமிழ் வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஃபான்ட் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது. எழுத்தெல்லாம் தமிழாகிவிடும். பிரிண்டும் சுத்தமாக வரும்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. வேர்டுக்குப் பதிலாக மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் ஆட்டோ கரெக்ட் என்று ஒன்று இருக்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். வேர்டிலும் உண்டு. பாமினியில் சின்ன 'கே' என்றால் ம, பெரிய 'கே' என்றால் மு. ஆகையால் "மனுதாரர்" என்று தொடங்கும் ஒவ்வொரு பத்தியிலும் "முனுதாரர்" என்று வந்து நிற்கும். "தங்கள்" எல்லாம் "துங்கள்" ஆகும். நீதிபதி முன்னால் போகும் காகிதம் அது. டூல்ஸ், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கை எடுத்துவிட்டுத்தான் பாமினி ஃபைலில் கை வைக்க வேண்டும். ஸ்பெல் செக்கையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடாக நெளியும்.

பழைய ஃபைலையெல்லாம் ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். "அத்தை, ஃபோல்டரையே ஒரே அடியில மாத்திடலாம்" என்று அண்ணன் மகன் உட்கார்ந்தான். ஓப்பன்-தமிழ் என்று பைத்தான் நிரல்மொழியில் ஒரு திறமூலத் தொகுப்பு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது, இருக்கிறது. அதிலேயே பாமினி மாற்றி உண்டு. கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஏதோ அடித்தான், ஃபைல்கள் வரிசையாக மாறின. தமிழ் அத்தனையும் அச்சுப் பிசகாமல் வந்தது. ஆனால் சர்வே எண்ணுக்கு முன்னால் இங்கிலீஷில் அடித்திருந்த எழுத்துகளும் சேர்ந்து தமிழாகி உளறின. பாமினியில் 'இ' என்ற எழுத்து கமா விசையில் இருக்கிறது. அதனால் இங்கிலீஷ் ஃபான்ட்டில் அடித்திருந்த கமா எல்லாம் 'இ' ஆகி, "12இ 13இ 14" என்று வந்தது. சொத்து விவரத்தில் இப்படி ஒரு எழுத்து புகுந்தால் என்ன ஆகும் என்று பத்திரம் எழுதுகிறவர்களைக் கேளுங்கள். அந்த மாற்றி மேல் குற்றமில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு எது தமிழ், எது இங்கிலீஷ் என்று அடையாளம் சொல் என்றால் அது என்ன செய்யும்? ஆகவே எங்கள் கடை வழக்கம் இதுதான்: பழைய ஃபைல் பாமினியிலேயே இருக்கட்டும், யாராவது அதைத் திரும்பக் கேட்டு வரும்போது மாற்றி, வரிவரியாகப் படித்துப் பார்த்துக் கொடுப்பது. புதிது எதுவானாலும் யூனிகோடு.

லிப்ரே ஆபீஸில் யூனிகோடு தமிழ் அடிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தமிழுக்கு ஒரு ஃபான்ட், இங்கிலீஷுக்கும் எண்ணுக்கும் வேறொரு ஃபான்ட் என்று தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. தமிழ் 14 புள்ளியில் இருக்கும், நடுவில் வரும் தேதியும் தொகையும் 12 புள்ளியில் சிறுத்து நிற்கும். பக்கத்தைப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று பிடிபடாது. ஸ்டைல் திருத்தும் இடத்தில் சிடிஎல் (CTL) அல்லது காம்ப்ளெக்ஸ் என்று போட்டிருக்கும் பகுதிதான் தமிழுக்கானது. இரண்டையும் ஒரே அளவாக வைத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் நிம்மதி. நான் அபிடவிட்டுக்கு ஒன்று, மனுவுக்கு ஒன்று, மேலே பாதிப் பக்கம் விட்டு அடிக்கிற முத்திரைத்தாளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேர்டு ஃபைல் திறக்குமா? திறக்கும். விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் அடித்திருந்தால் மின்ட்டில் அது இருக்காது, பதிலுக்கு நோட்டோவோ லோஹித்தோ வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி மடியும், மூன்று பக்க அபிடவிட் நான்காம் பக்கத்தில் "உறுதிமொழியாளர்" என்ற ஒற்றை வார்த்தையோடு முடியும். அதனால் அடித்து முடித்ததை நான் பிடிஎஃப் ஆக்கித்தான் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் பிடிஎஃப் ஆகிவிடுகிறது. கோர்ட்டில் இ-ஃபைலிங்குக்கும் பிடிஎஃப்தானே கேட்கிறார்கள். பக்கங்களைப் பிரிக்க, சேர்க்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர் என்று ஒரு சின்ன நிரல், சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே இலவசம். விண்டோஸில் இந்த வேலைக்கு ஏதாவது வெப்சைட்டில் ஃபைலை ஏற்றிக்கொண்டிருந்தோம். அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை எங்கோ ஒரு வெப்சைட்டில் ஏற்றுவது இப்போது நினைத்தாலே பகீர் என்கிறது.

ஒரு சீனியர் வக்கீல் திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, லினக்ஸா? இதெல்லாம் நம்ம வேலைக்கு ஆகுமா?" என்றார். "சார், கோர்ட்டுக்குள்ள ஓடுறதே உபுண்டு லினக்ஸ்தான்" என்றேன். கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் உச்ச நீதிமன்ற இ-கமிட்டி கொடுத்த லேப்டாப்புகளில் உபுண்டுதான் போட்டிருந்தார்கள், நீதிபதிகளுக்கும் கோர்ட் ஊழியர்களுக்கும் அதில் பயிற்சியே நடத்தினார்கள். வழக்கு விவரம் ஏற்றும் மென்பொருளும் திறமூலத்தில் செய்ததுதான். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "சரி, அபிடவிட்ல கடைசிப் பத்தி மட்டும் மாத்திடு" என்று காகிதத்தை நீட்டினார்.

பிரிண்டர்தான் லினக்ஸுக்கு வரும் கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது. கம்ப்யூட்டரைவிட அதுதான் முக்கியம். ஹெச்பி தன் பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப் என்ற திறமூல டிரைவரைத் தானே தருகிறது. சில லேசர் மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளகின் இறக்கச் சொல்லும். புதிதாக வரும் நெட்வொர்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவை டிரைவரே கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன. வயரைச் செருகினேன், பெயர் வந்தது, பிரிண்ட் கொடுத்தேன். இப்படி ஒன்று. இன்னொன்று, எல்லா ஜெராக்ஸ் கடையிலும் பார்க்கலாம், டோனர் மலிவு என்று வாங்கிப்போட்ட ஒரு குட்டி லேசர். அதற்கும் லினக்ஸுக்கும் ஜென்மப் பகை. டிரைவர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒருநாள் ஓடும், மறுநாள் பவர் ஆஃப் செய்து போட்டால் ஊமையாகிவிடும். பொறுமை போய் அதை விண்டோஸ் பக்கம் தள்ளிவிட்டேன். ஸ்கேனர் விஷயத்தில் எதிர்மாறு. டாக்குமென்ட் ஸ்கேனர் என்று மின்ட்டோடு வரும் நிரல், கம்பெனி சிடியில் வந்த கனமான மென்பொருளைவிட வேகம். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறது.

பென் டிரைவ் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவருவதில் பாதிக்கு ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். ஃபோல்டரெல்லாம் மறைந்து அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் தெரியும். ப்ராஜெக்ட் போச்சே என்று பிள்ளை கண் கலங்கும். மின்ட்டில் செருகினால் அந்த வைரஸ் ஓட வழியில்லாமல் வெறும் ஃபைலாகக் கிடக்கிறது. விண்டோஸ் மறைத்து வைத்த அசல் ஃபோல்டரும் பெரும்பாலும் கண்ணெதிரே தெரிகிறது. அசலை எடுத்துக்கொண்டு குப்பையைத் தள்ளிவிட வேண்டியதுதான். இதற்காகவே பக்கத்துக் கடைக்காரர், "அந்த கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கம்மா" என்று ஆட்களை இங்கே அனுப்புகிறார். இதற்குக் காசு வாங்குவதில்லை. பிரிண்ட் எப்படியும் இங்கேதான் எடுப்பார்கள்.

வாட்ஸ்அப் வெப் ஃபயர்பாக்ஸில் ஓடுகிறது. வெப் ஆப்ஸ் என்ற கருவியால் அதைத் தனி ஐகானாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மின்ட் கம்ப்யூட்டருக்கும் இடையே ஃபைல் தள்ள வார்ப்பினேட்டர். கடைப்பெண் அங்கே அடிப்பாள், நான் இங்கே வாங்கிப் பிரிண்ட் எடுப்பேன். இவையெல்லாம் சொல்லப்போனால் சின்ன விஷயங்கள், பேசாமல் வேலை செய்கின்றன.

அப்டேட்டும் அப்படித்தான். கீழே ஒரு கேடயச் சின்னம் இருக்கும், புதிது வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். நமக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது கொடுக்கலாம். காலையில் கோர்ட் கூடுகிற நேரத்தில் "அணைக்காதீர்கள்" என்று நீலத் திரையில் வட்டம் சுற்றியதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டைம்ஷிஃப்ட்டை மட்டும் முதல் வேலையாக இயக்கிவிடுங்கள். ஏதாவது ஏடாகூடமானால் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். நம் ஃபைல்களை அது காப்பாற்றாது, அதற்குத் தனியாக நகல் எடுத்தாக வேண்டும். மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மூலையில் இருக்கும் விண்டோஸுக்கு வருவோம். என்னிடம் இருக்கும் கைரேகைக் கருவிக்கு லினக்ஸில் வழி இல்லை. ஒரு ஆடிட்டர் ஆபீசுக்காகச் செய்கிற டிஜிட்டல் கையெழுத்து வேலையும் அங்கேதான். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைனெல்லாம் கோரல் டிராவில் வருகிறது. இங்க்ஸ்கேப் அதைத் திறக்கிறது. ஆனால் திறந்த பிறகு பிள்ளையார் சுழி ஒரு பக்கம், மணமகன் பெயர் ஒரு பக்கம் கிடக்கும். பாஸ்போர்ட் போட்டோவை ஜிம்ப்பில் வெட்டி அடுக்க முடியும். ஆனால் வாசலில் ஆள் காத்திருக்கும்போது பழகிய போட்டோஷாப்தான் கை கொடுக்கிறது. டிசைன்தான் உங்கள் பிழைப்பு என்றால் மின்ட் வேண்டாம், நேரத்தை வீணாக்காதீர்கள். காகிதமும் டைப்பிங்கும்தான் பிழைப்பு என்றால் தாராளமாக வரலாம்.

இன்னொரு உபயோகமும் இருக்கிறது. 2011இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று பரணில் கிடக்கிறது. அந்த நாளில் அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் செய்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, படம் ஏற்ற இடம் வேண்டும் என்று அதை அழித்ததுதான் மிச்சம். அப்படிப்பட்ட லேப்டாப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுத் தருகிறேன். 2 ஜிபி ராமில் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும், பேட்டரி எப்போதோ செத்திருக்கும், வயரில்தான் ஓட வேண்டும். ஆனாலும் தமிழ்99 பழக, டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் அடிக்க, பிடிஎஃப் படிக்கத் தாங்குகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றிச் சின்ன எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நன்றாக ஓடும். எஸ்எஸ்டி காசு அவர்களுடையது, மின்ட் போட்டுத் தர நான் வாங்குவது நூறு ரூபாய். கீபோர்டில் எழுத்து அழிந்திருந்தால் அதற்கு ஒட்டும் தமிழ் ஸ்டிக்கரும் கடையிலேயே கிடைக்கும்.